விழிக்காத நீட்சிகள்: நிரல்திருத்திகளில் பழுதறிதலின் வரலாறு

நிரல் எழுதுவோர் நாள் முழுவதும் புழங்கும் கருவியான நிரல்திருத்தி, அதாவது கோட் எடிட்டர், அதை உருவாக்கியவர் வகுத்த எல்லையோடு எந்தக் காலத்திலும் நின்றதில்லை. புதிய நிரல்மொழியொன்றின் சொற்களை வண்ணம் பிரித்துக் காட்டவும், தட்டச்சு செய்யும்போதே பிழையைச் சுட்டவும், வரிகளைச் சீராக அடுக்கவும் வெளியார் எழுதிச் சேர்க்கும் துணைநிரல்களே நீட்சிகள். எக்ஸ்டென்ஷன், பிளகின், பேக்கேஜ் என்று திருத்திக்குத் திருத்தி பெயர் மாறினாலும் அவற்றின் பணி ஒன்றே. நிறுவப்பட்ட நீட்சி பட்டியலில் தெரிந்தும், அழைக்கும்போது இயங்கத் தொடங்காமல் கிடப்பதே இங்குச் செயல்படாமை எனப்படுகிறது. இக்கோளாறை நீட்சி எழுதியவரின் கவனக்குறைவாகவோ பயன்படுத்துபவரின் அறியாமையாகவோ கருதுவது வழக்கம் என்றாலும், அதன் வரலாற்றைத் தொடர்ந்து நோக்குபவருக்கு வேறொரு காரணம் புலப்படும். வேகத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் நீட்சியைத் திருத்தியின் மையத்திலிருந்து ஒவ்வோர் அடியாக விலக்கி வைத்தபோதெல்லாம், அதன் தோல்வி முன்னைவிட ஓசையின்றி நிகழத் தொடங்கியது. அந்தத் தோல்வியை வெளிப்படுத்துவதற்காகத் தலைமுறைதோறும் கண்டறியப்பட்ட முறைகளின் தொகுப்பே இன்றைய பழுதறியும் கலை.

இவ்வரலாறு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்குகிறது. 1962-63 காலத்தில் டான் மர்ஃபி பி.டி.பி-1 கணினிக்காக எழுதிய டெக்கோ என்னும் திருத்தி, துளையிட்ட காகித நாடாவில் இருந்த நிரல்களைத் திருத்துவதற்காக உருவானது. அதன் கட்டளைகள் பெரும்பாலும் ஓரெழுத்துச் சுருக்கங்கள். பின்னாளில் வளர்ந்த வடிவங்களில் அவற்றைத் தொடராகக் கோத்துச் சேமித்து, வேண்டும்போது ஒரே கட்டளையாக ஏவ முடிந்தது. இவ்வாறு கோத்துவைத்த கட்டளைத் தொடர் மேக்ரோ எனப்பட்டது. மேக்ரோ திருத்தியின் நினைவகத்துக்குள்ளேயே இயங்கியதால் இரண்டுக்கும் இடையே மறைப்பு ஏதும் இல்லை. அது தவறினால், திருத்திக்கொண்டிருந்த உரையிலேயே விளைவு உடனே தெரிந்தது.

1970-களில் அதே கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில், பி.டி.பி-10 கணினியில், டெக்கோ திரைவழியே இயங்கும் திருத்தியாக வளர்ந்தபோது, விசைகளோடு மேக்ரோக்களைப் பிணைக்கும் வசதியை ரிச்சர்ட் ஸ்டால்மன் சேர்த்தார். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு மேக்ரோத் தொகுப்பை வளர்த்துக்கொண்டதால், ஒருவர் அமைத்த திருத்தியில் மற்றவர் அமர்ந்தால் எந்த விசை என்ன செய்யும் என்று தெரியாத நிலை உருவாயிற்று. சிதறிக் கிடந்த இத்தொகுப்புகளை ஒன்றிணைக்கும் பணியை 1976-இல் கை ஸ்டீல் தொடங்க, ஸ்டால்மன் அதை நிறைவு செய்ததன் பயனாக ஈமேக்ஸ் பிறந்தது. 1978-இல் பெர்னார்ட் கிரீன்பெர்க் மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கான ஈமேக்ஸை லிஸ்ப் மொழியிலேயே எழுதினார். நீட்சி எழுதும் மொழி சுருக்கக் குறிகளின் கோவையாக இல்லாமல் முழுமையான நிரல்மொழியாக இருக்கலாம் என்பதை அம்முயற்சி நிறுவிக்காட்டியது. 1985 முதல் பொதுமக்களிடம் பரவிய க்னூ ஈமேக்ஸ், தனக்கென ஒரு லிஸ்ப் வடிவத்தைக் கொண்டு இவ்வழியை உறுதிப்படுத்தியது.

செயல்படாமை என்னும் கோளாறு தனி வகையாக உருவெடுத்தது க்னூ ஈமேக்ஸ் கையாண்ட ஆட்டோலோட் என்னும் ஏற்பாட்டோடுதான். எல்லா லிஸ்ப் கோப்புகளையும் தொடக்கத்திலேயே நினைவகத்தில் ஏற்றினால் திருத்தி திறக்கவே நெடுநேரம் பிடிக்கும் என்பதால், ஒரு கட்டளையின் பெயரையும் அது உள்ள கோப்பின் பெயரையும் மட்டும் முதலில் குறித்துவைத்து, அக்கட்டளையை யாரேனும் முதன்முறை அழைக்கும்போதுதான் உரிய கோப்பை ஏற்றுவது ஆட்டோலோட் முறையாகும். கட்டளை இருக்கிறது என்ற அறிவிப்பும் கட்டளையைச் செய்யும் நிரலும் இங்குக் காலத்தால் பிரிந்தன. அறிவிப்பு கூறும் கோப்பு இடம் மாறியிருக்கலாம். கோப்பு கிடைத்தும் அதற்குள் அந்தக் கட்டளை வேறு பெயரில் எழுதப்பட்டிருக்கலாம். இரண்டாவது நிலையில் ஈமேக்ஸ், இன்ன கோப்பை ஏற்றியும் இன்ன செயற்கூறு வரையறுக்கப்படவில்லை என்று கோப்பு, செயற்கூறு ஆகிய இரண்டின் பெயரையும் சொல்லி நிற்கும். அறிவிப்பு எது, அதை நிறைவேற்றத் தவறியது எது என்று ஒரே வரியில் காட்டும் இச்செய்தியின் தெளிவு, பின்வந்த திருத்திகள் பலவற்றில் காணப்படாத ஒன்று.

எனினும் ஈமேக்ஸ் பயனரைப் பெரிதும் வருத்திய தோல்விகள் அவருடைய தொடக்கக் கோப்பில்தான் நிகழ்ந்தன. டாட் ஈமேக்ஸ் என வழங்கும் அக்கோப்பு, திருத்தி திறக்கும்போது வரி வரியாக இயக்கப்படுவதால், நடுவில் ஒரு வரி பிழைபட்டால் அதற்குக் கீழுள்ள அமைப்புகள் எவையும் நடைமுறைக்கு வருவதில்லை. நூறாவது வரியில் ஏற்றப்பட வேண்டிய நீட்சி இயங்காததற்குக் காரணம் இருபதாவது வரியில் இருக்கக்கூடும் என்பதால், இயங்காத நீட்சியையே ஆராய்ந்துகொண்டிருப்பவர் காரணத்தைக் காண்பதில்லை. இதற்கு விடையாகவே, தொடக்கக் கோப்பைப் படிக்காமல் திருத்தியைத் திறக்கும் க்யூ என்னும் தெரிவும், பிழை நேர்ந்த இடத்திலேயே நிறுத்திக் காட்டும் டிபக்-இனிட் என்னும் தெரிவும் ஈமேக்ஸில் அமைந்தன. வெறுந்திருத்தியில் கோளாறு மறைந்தால் காரணம் பயனரின் அமைப்பில் உள்ளது, மறையாவிட்டால் திருத்தியிலேயே உள்ளது என்ற இந்த முதற்பிரிப்பு, பழுதறியும் கலையின் முதல் விதியாக நிலைபெற்றது. அடுத்து, தொடக்கக் கோப்பில் பாதியை விலக்கிவிட்டுச் சோதித்து, கோளாறு தங்கிய பாதியை மீண்டும் இரண்டாகப் பகுப்பது கைவழக்கமாயிற்று. 2015-இல் வெளிவந்த பக்-ஹன்ட்டர் என்னும் ஈமேக்ஸ் நீட்சி இவ்வேலையைத் தானே செய்து தந்தது.

பாதியாகப் பகுத்துத் தேடும் இம்முறையின் தருக்கத்தை 1982-இல் எட்வர்ட் காஸ் கணினி ஆய்விதழொன்றில் ஓநாய் வேலி என்ற பெயரில் விளக்கினார். அலாஸ்காவில் எங்கோ ஓர் ஓநாய் இருக்கிறதென்றால், நிலப்பரப்பை நடுவில் வேலியிட்டுப் பிரித்து, ஊளை எந்தப் பக்கம் கேட்கிறது என்று அறிந்து, அந்தப் பக்கத்தை மீண்டும் வேலியிட்டுப் பிரித்துக்கொண்டே போனால் ஓநாய் அகப்பட்டே தீரும் என்பது அவ்விளக்கம். இதே தருக்கம் 1990-களில் ஆப்பிள் மேக்கின்டாஷ் கணினிகளிலும் பெருவழக்காக இருந்தது. 1991-இல் வெளியான சிஸ்டம் 7 இயங்குதளத்தின் நீட்சிகள் கணினி தொடங்கும்போது அகரவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின; அவற்றுள் இரண்டு முரண்பட்டால் கணினி தொடக்கத்திலேயே உறைந்தது. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி தொடங்கினால் நீட்சிகள் அனைத்தும் விலக்கப்பட்டன. கான்ஃபிளிக்ட் கேட்சர் என்னும் வணிக மென்பொருளோ, ஒவ்வொரு தொடக்கத்திலும் சிலவற்றை விலக்கி முரணுக்குரிய நீட்சியைத் தேடிக் கொடுத்தது. நிரல்திருத்திகளுக்கு வெளியே பொதுமக்கள் நடுவில் பழகிய இம்முறை, பிற்காலத்தில் திருத்திகளுக்குள்ளேயே பொத்தானாக வந்து அமர்ந்ததைப் பின்னர் காணலாம்.

1991-இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம், நீட்சிகளைப் பொறுத்தவரை ஈமேக்ஸின் பாதையைச் சற்றுப் பிந்தித் தொடர்ந்தது. 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்கெனத் தனி நிரல்மொழி அமைந்தது. 2006-இல் வந்த ஏழாம் பதிப்பு ஆட்டோலோட் முறையைச் சேர்த்தது. இங்குச் செயற்கூற்றின் பெயரே அது உள்ள கோப்பின் பாதையைச் சொல்லும் என்பதால், கோப்பின் பெயர் மாற்றப்பட்டுச் செயற்கூற்றின் பெயர் மாற்றப்படாமல் விடப்பட்டால் அழைப்பு தோற்றது. எந்தெந்தக் கோப்பு எந்த வரிசையில் ஏற்றப்பட்டது என்று பட்டியலிடும் ஸ்கிரிப்ட்நேம்ஸ் கட்டளை, இயங்காத நீட்சியின் கோப்பு படிக்கப்பட்டதா இல்லையா என்ற கேள்விக்கு ஐயமற்ற விடை தந்தது. நீட்சி தவறாக இயங்குவதும் நீட்சி ஏற்றப்படாமலே இருப்பதும் பயனரின் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை இருவேறு நோய்கள் என்பதை உணர்த்திய எளிய கருவியாக அதைக் கொள்ளலாம்.

நீட்சியின் அறிவிப்பும் நிரலும் இரு தனிக் கோப்புகளாகவே முற்றும் பிரிந்தது எக்லிப்ஸில். ஐ.பி.எம். நிறுவனம் 2001 நவம்பரில் திறந்த மூலமாக வெளியிட்ட இத்திருத்தியில், ஜாவா மொழிக்கான கருவிகள் உட்பட ஏறக்குறைய எல்லாமே நீட்சிகளாக அமைக்கப்பட்டிருந்தன. நூற்றுக்கணக்கான நீட்சிகளைத் தொடக்கத்தில் ஏற்ற இயலாது என்பதால், ஒவ்வொரு நீட்சியும் தான் அளிக்கும் பட்டிகளையும் பொத்தான்களையும் ஓர் அறிவிப்புக் கோப்பில், அதாவது மேனிஃபெஸ்ட்டில், எழுதிவைக்க வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது. திருத்தி அறிவிப்பை மட்டும் படித்துப் பட்டியைத் திரையில் வரைந்துவிடும். பயனர் அதைச் சொடுக்கும் வரை நீட்சியின் நிரலில் ஒரு வரியும் ஏற்றப்படாது. தேவைப்படும்போது மட்டுமே ஏற்றுவது என்ற இவ்விதியை எரிக் காமாவும் கென்ட் பெக்கும் 2003-இல் வெளிவந்த எக்லிப்ஸ் பற்றிய தம் நூலில் நீட்சி எழுதுவோருக்கான அடிப்படை விதிகளுள் ஒன்றாக வகுத்துரைத்தனர்.

2004-இல் வெளியான எக்லிப்ஸ் 3.0, நீட்சிகளை நிருவகிக்க ஓ.எஸ்.ஜி.ஐ என்னும் பொதுத்தரத்தை ஏற்றுக்கொண்டது. அத்தரத்தின்படி ஒரு நீட்சி நிறுவப்பட்டது, சார்புகள் நிறைவேறியது, தொடங்கிக்கொண்டிருப்பது, இயங்குவது என்று படிப்படியான நிலைகளைக் கடக்கிறது. சார்பு என்பது ஒரு நீட்சி தான் இயங்குவதற்கு நம்பியிருக்கும் மற்றொரு நீட்சி. இப்படிநிலைப் பகுப்பு பழுதறிதலுக்குப் பெரும் கொடையாயிற்று. இயங்கவில்லை என்று பொதுவாகச் சொல்வதற்கு மாறாக, எந்தப் படியில் நின்றுவிட்டது என்று கேட்க முடிந்தது. ஓ.எஸ்.ஜி.ஐ முனையத்தில் டையாக் என்னும் கட்டளையை இட்டால், நிறைவேறாத சார்பு எது என்பது பெயரோடு வந்தது. ஆயினும் முனையத்தின் பக்கமே போகாத சாதாரணப் பயனர் கண்டது, பட்டியைச் சொடுக்கியதும் தோன்றும் சிறு பெட்டி ஒன்றையே. தேர்ந்தெடுத்த செயல் தற்போது கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அப்பெட்டி எதையும் சொல்லவில்லை. உண்மைக் காரணம், பணியிடக் கோப்புறைக்குள் மெட்டாடேட்டா என்னும் மறைவான உட்கோப்புறையில் இருந்த பதிவுக்கோப்பில், அதாவது லாக்கில், எழுதப்பட்டிருந்தது. பழைய சார்புக் கணக்கைத் திருத்தி சேமித்துவைத்திருந்ததால், சரியான நீட்சியை மீண்டும் நிறுவியும் பயன் கிட்டாத நிலைமைகள் இருந்தன. அச்சேமிப்பைத் துடைத்துவிட்டுத் தொடங்கும் கிளீன் என்னும் தெரிவு அதற்கு மருந்தாயிற்று.

2010-களில் இணையத் தொழில்நுட்பங்களால் திருத்திகளைக் கட்டும் காலம் வந்தது. கிட்ஹப் நிறுவனம் 2014-இல் முன்னோட்டமாகவும் 2015-இல் முழுப் பதிப்பாகவும் வெளியிட்ட ஆட்டம், நீட்சிகளுக்குத் திருத்தியின் சாளரத்துக்குள்ளேயே முழுச் சுதந்திரம் அளித்தது. அதனால் கற்பனைக்கு எல்லையற்ற நீட்சிகள் பெருகினாலும், ஒரு நீட்சி தாமதித்தால் தட்டச்சே தாமதித்தது. எந்த நீட்சி எத்தனை மில்லிவினாடி எடுத்துக்கொண்டது என்று காட்டும் டைம்காப் என்னும் கருவியும், நிறுவிய நீட்சிகளை ஒதுக்கித் திறக்கும் சேஃப் என்னும் பாதுகாப்பு முறையும் ஆட்டமுடனேயே வழங்கப்பட்டன. 2022 டிசம்பரில் ஆட்டம் திட்டம் நிறுத்தப்பட்டது.

அதே காலத்தில் மைக்ரோசாஃப்ட் எதிர்த்திசையில் சென்றது. எக்லிப்ஸின் ஜாவா கருவிகளுக்குத் தலைமை ஏற்றிருந்த எரிக் காமா, 2011-இல் அந்நிறுவனத்தில் சேர்ந்து, சூரிச் நகரில் அமைத்த குழுவே விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் திருத்தியை உருவாக்கியது. 2015 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட அத்திருத்தி, அவ்வாண்டு நவம்பரில் திறந்த மூலமாகவும் நீட்சிகளை ஏற்பதாகவும் ஆயிற்று. எக்லிப்ஸில் தேர்ந்த இரு பாடங்கள் இதில் கடுமையான விதிகளாயின. நீட்சி தான் தருவதை பேக்கேஜ் ஜேசன் என்னும் அறிவிப்புக் கோப்பில் முன்கூட்டியே எழுத வேண்டும் என்பது ஒன்று. நீட்சியின் நிரல் திருத்தியின் சாளரத்துக்குள் நுழையாமல், எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்னும் தனிச் செயல்முறையில் மட்டுமே இயங்க வேண்டும் என்பது மற்றொன்று. நீட்சி எவ்வளவு கெட்டாலும் தட்டச்சு தடைபடாது என்ற பெரும்பயன் இதனால் கிட்டியது. ஆனால் நீட்சி விழாமலும் எழாமலும் கிடப்பதைத் திரையில் காட்டும் அறிகுறிகளும் குறைந்துபோயின.

இத்திருத்தியில் நீட்சி எப்போது எழ வேண்டும் என்பதை ஆக்டிவேஷன் ஈவென்ட் எனப்படும் எழுப்பு நிகழ்வுகள் தீர்மானிக்கின்றன. குறிப்பிட்ட மொழியிலான கோப்பு திறக்கப்படுதல், குறிப்பிட்ட கட்டளை அழைக்கப்படுதல், பணியிடத்தில் குறிப்பிட்ட பெயருள்ள கோப்பு காணப்படுதல் என்பன அவற்றுள் சில. நிகழ்வு நேர்ந்ததும் திருத்தி நீட்சியின் முதன்மைக் கோப்பை ஏற்றி, அதிலுள்ள ஆக்டிவேட் என்னும் செயற்கூற்றை அழைக்கிறது. அச்செயற்கூறு தன் கட்டளைகளைப் பதிவு செய்த பின்னரே நீட்சி இயங்குவதாகக் கொள்ளப்படும். நீட்சி எழுதப் பழகுவோர் அனைவரும் முதலில் உருவாக்கும் ஹலோ வேர்ல்ட் என்னும் மாதிரியைக் கொண்டே இதன் நுட்பத்தைக் காணலாம். அறிவிப்புக் கோப்பில் எழுதிய பெயர் கட்டளைப் பட்டியலில் உடனே தோன்றிவிடும். பழுது ஏதேனும் இருந்தால், அதைத் தேர்ந்தெடுத்ததும், இக்கட்டளை காணப்படவில்லை என்ற ஒற்றை வரி வலப்பக்க மூலையில் எழும். அறிவிப்பில் உள்ள அடையாளப் பெயருக்கும் நிரலில் பதிவு செய்த பெயருக்கும் ஓரெழுத்து வேறுபட்டாலும் அவ்வரி வரும். எழுப்பு நிகழ்வை எழுத மறந்திருந்தாலும் வரும். ஆக்டிவேட் செயற்கூறு கட்டளையைப் பதிவு செய்யுமுன் வேறொரு பிழையால் முறிந்திருந்தாலும் வரும். மூன்று வெவ்வேறு காரணங்களுக்கு ஒரே அறிகுறி அமைந்துவிட்டதே இத்திருத்தியில் பழுதறிதலைக் கடினமாக்கியது. 2022 நவம்பருக்கான 1.74-ஆம் பதிப்பு முதல், அறிவிக்கப்பட்ட கட்டளைக்குரிய எழுப்பு நிகழ்வைத் திருத்தி தானே ஊகித்துக்கொள்வதால், இரண்டாவது காரணம் புதிய பதிப்புகளில் நீங்கியது.

எழுதியவரின் கணினியில் இயங்கி, நிறுவியவரின் கணினியில் இயங்காத நீட்சிகள் தனி வகையின. உருவாக்கச் சாளரத்தில் சோதிக்கும்போது நீட்சி தன் மூலக் கோப்புறையிலிருந்தே ஏற்றப்படுவதால் அதற்கு வேண்டிய நூலகங்கள் அனைத்தும் அருகில் இருக்கும். பொதியாகக் கட்டும்போது, விலக்க வேண்டியவற்றின் பட்டியலில் தவறுதலாக இடம்பெற்ற கோப்புறையோ, உருவாக்கத்துக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட நூலகமோ பொதிக்குள் செல்வதில்லை. கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறிக் கிடந்தால், விண்டோஸில் இயங்கும் நீட்சி லினக்ஸில் தன் கூறு ஒன்றைக் காணாமல் நிற்கும். சி மொழி போன்றவற்றில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட கூறுகளை உடைய நீட்சிகளோ, திருத்தி தன் அடித்தளமான எலக்ட்ரானைப் புதுப்பிக்கும்போது பொருந்தாமல் போய், முந்தின நாள் வரை இயங்கியவை மறுநாள் எழுவதில்லை. இவை அனைத்திலும் காரணம் நீட்சியின் தருக்கத்தில் இல்லை. அது கட்டப்பட்ட சூழலுக்கும் எழ வேண்டிய சூழலுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது.

2019 மே மாதம் அறிமுகமான தொலை உருவாக்க வசதி இந்த விலகலை மேலும் ஒரு படி நீட்டியது. திருத்தியின் சாளரம் ஒரு கணினியிலும் நிரல் மற்றொரு கணினியிலும் இருக்கும்போது, தோற்றத்தை மாற்றும் நீட்சிகள் அருகிலும் நிரலை ஆராயும் நீட்சிகள் தொலைவிலும் இயங்க வேண்டியிருப்பதால், ஒரு பக்கம் நிறுவிய நீட்சி மறுபக்கம் இல்லாமையே செயல்படாமைக்குக் காரணமாயிற்று. 2021-இல் வந்த பணியிட நம்பிக்கை என்னும் ஏற்பாடு, பயனர் நம்புவதாக உறுதி சொல்லாத கோப்புறைகளில் நிரலை இயக்கவல்ல நீட்சிகளைத் தடுத்தது. அறியாத நிரலைத் திறந்து பார்ப்பதே தாக்குதலுக்கு வழியாகும் காலத்தில் இக்காப்பு இன்றியமையாதது. எனினும் பழுது என்று எண்ணிப் பலரும் தேடுவது, திருத்தி வேண்டுமென்றே செய்த மறுப்பாகவும் இருக்கலாம் என்ற புதிய வாய்ப்பைப் பழுதறிவோர் கணக்கில் கொள்ள நேர்ந்தது.

இவ்வளவு விலகலுக்கும் ஈடாகத் திருத்தி தானே சில கருவிகளை வழங்கியது. இயங்கும் நீட்சிகளின் பட்டியல், எழுந்தவை எவை, ஒவ்வொன்றும் எழ எத்தனை மில்லிவினாடி ஆயிற்று என்பவற்றைக் காட்டுகிறது. எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட்டின் பதிவுக்கோப்பு, எந்த நிகழ்வால் எந்த நீட்சி எழுப்பப்பட்டது, எங்கே முறிந்தது என்பவற்றைப் பதிகிறது. 2020-களின் தொடக்கத்தில் சேர்ந்த எக்ஸ்டென்ஷன் பைசெக்ட், நீட்சிகளில் பாதியை விலக்கி, கோளாறு நீடிக்கிறதா என்று பயனரைக் கேட்டு, மீண்டும் பகுக்கிறது. 32 நீட்சிகள் இருந்தால் ஐந்து சுற்றுகளில் தேடல் முடிந்துவிடும். ஈமேக்ஸ் பயனரும் மேக்கின்டாஷ் பயனரும் கையாலும் துணைக்கருவியாலும் செய்துவந்த வேலை இவ்வாறு ஒரு கட்டளையாகச் சுருங்கியது. ஆனால் தனித்தனியே நன்றாக இயங்கி, சேர்ந்திருக்கும்போது மட்டும் முரண்படும் இரு நீட்சிகள் வெவ்வேறு பாதிகளில் விழுந்தால் பகுத்துத் தேடும் முறை வழி தவறும். 1999-இல் ஆந்திரேயாஸ் ஜெல்லர் வகுத்த டெல்டா டிபக்கிங் என்னும் முறை, கூட்டுக் காரணங்களையும் ஒழுங்காகத் தேடிப் பிரிக்கும் வழியைத் தந்திருந்தாலும், திருத்திகளில் வழங்கும் கருவிகள் பெரும்பாலும் காரணம் ஒன்றே என்ற எடுகோளில்தான் இயங்குகின்றன.

இவ்வரலாற்றிலிருந்து திரண்ட பழுதறியும் வரிசை எந்தத் திருத்திக்கும் பொருந்துவதாக அமைந்திருக்கிறது. நீட்சிகள் இல்லாத வெறுந்திருத்தியில் கோளாறு மறைகிறதா என்பது முதற்கேள்வி. நீட்சி எழுப்பப்பட்டதா, அல்லது எழுப்பப்படாமலே இருக்கிறதா என்பது இரண்டாவது. எழுப்பப்படவில்லை என்றால் அறிவிப்பிலும், பதிப்புப் பொருத்தத்திலும், நம்பிக்கை அனுமதியிலும், நீட்சி நிறுவப்பட்ட இடத்திலும் தேட வேண்டும். எழுப்பப்பட்டு முறிந்தது என்றால் பதிவுக்கோப்பில் முதலாவதாகப் பதிவான பிழையைத் தேட வேண்டும், ஏனெனில் அதற்குப் பின் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகளே. நீட்சியை அகற்றி மீண்டும் நிறுவுவது பலர் முதலில் செய்யும் வேலை என்றாலும், காரணம் பொதியிலோ சேமிப்பிலோ இருந்தாலொழிய அது எதையும் மாற்றுவதில்லை என்பதோடு, பயனுள்ள பதிவுகளை இழக்கவும் வழி செய்கிறது.

பயனரின் பொறுமையை மட்டும் நம்பியிருக்கும் நிலை இத்துறைக்குப் பெருமை சேர்ப்பதன்று. அறிவிப்பையும் நிரலையும் பிரித்தது வேகத்துக்கு வேண்டியிருந்தது. நீட்சியைத் தனிச் செயல்முறைக்கு அனுப்பியது உறுதிக்கு வேண்டியிருந்தது. நம்பிக்கை அனுமதி கேட்பது பாதுகாப்புக்கு வேண்டியிருக்கிறது. இம்மூன்றில் எதையும் திரும்பப் பெற முடியாது, பெற வேண்டியதும் இல்லை. ஆனால் பிரிவு ஒன்றைப் புகுத்தும் திருத்தி, அப்பிரிவின் இருகரைகளையும் பெயர் சொல்லிக் காட்டும் பிழைச்செய்தியையும் உடன் தர வேண்டும் என்பதே இந்த அறுபதாண்டு அனுபவம் நிறுவும் முடிவு. இன்ன கோப்பு ஏற்றப்பட்டும் இன்ன செயற்கூறு வரவில்லை என்று ஈமேக்ஸால் ஒரே வரியில் சொல்ல முடிவதை, நீட்சி எழுதுவோர் தம் ஆக்டிவேட் செயற்கூற்றுக்குள்ளும், திருத்தி அமைப்போர் தம் செய்திப் பெட்டிகளுக்குள்ளும் செய்துவிட்டால், பழுதறிதலில் கழியும் நேரத்தின் பெரும்பகுதி நிரல் எழுதுவதற்கே திரும்பக் கிடைக்கும்.